நாலாம் நம்பர் மேஜையில் மூன்று சங்கரா

உங்கள் புது மெனு அட்டையில் மூன்றாம் பக்கத்தின் அடியில் இருக்கும் வரியை எழுதியவர் ஒரு பொய்யர். யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பெயரைப் போட்டே எழுதியிருப்பேன்.

போன மாதம் அங்கே சாப்பிட வந்தேன். ஹாலில் பரிமாறுகிறவர்களுக்குக் கேப்டனாக நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹோட்டல். முதலாளி மாறிவிட்டார், விளக்கு மாறிவிட்டது, நாற்காலிகூட மாறிவிட்டது. முன் ஜன்னல் வழியாகத் தெரியும் ஈ.சி.ஆர். ரோடும், அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களும் மட்டும் அப்படியே இருக்கின்றன. உங்கள் மேனேஜர் நல்ல பையன். என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து, "சார், புதுசா வந்த ஸ்டாஃபுக்கு உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க, ஜாலியா இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். அப்புறம்தான் மெனுவைத் திறந்தேன்.

"எங்கள் மீன்கள் வெளிநாட்டிலிருந்து வருபவை. உங்கள் உடல்நலம் கருதி உள்ளூர்க் கடல் மீனைப் பரிமாறுவதில்லை."

ஜாலியாகத்தான் எழுதப் போகிறேன். எனக்கு அழுதுகொண்டு எழுதத் தெரியாது. ஆனால் இந்த வரியைத் தாண்டிப் போய் வேறு எதையும் எழுத முடியாது. ஏனென்றால் இதே வேலையை நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பெருமுக்கல் பக்கம். விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் மீன் என்றால் ஏரி மீன்தான். கடல் மீனுக்கு வாடை என்பார்கள். அப்படி வளர்ந்தவனை இத்தாலிய ஹோட்டலில் எப்படி எடுத்தார்கள் என்றால், கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது, டை கட்டினால் கழுத்தில் நின்றது. அவ்வளவுதான் தகுதி. முதலாளி பாண்டிச்சேரிக்காரர். இத்தாலிக் கப்பல் ஒன்றின் சமையலறையில் பல வருஷம் வெந்து வந்தவர். உப்பு விளைகிற ஊரில் பாஸ்தா கடை போட்டார். முதல் ஒரு வருஷம் மரக்காணத்துக்காரர்கள் வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "பிரியாணி எப்ப போடுவீங்க?"

அவர் எனக்குச் சொன்ன சட்டமும் ஒன்றே ஒன்றுதான். ஹாலில் கேப்டன் உட்காரக் கூடாது. காலில் கட்டி வந்தாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சாப்பிடுகிறவர் நம்மை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக அல்ல. எங்கே எது குறைகிறது என்று நின்றால்தான் தெரியும். ஆறு வருஷம் அந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை.

2004 டிசம்பரில் அலை வந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இழந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும். எங்கள் பின்கட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, எதிரே உப்பளப் பாத்திகளில் சேறு ஏறியது. பொங்கலுக்கு முன்னால் ஹோட்டலைத் திறந்துவிட்டோம். திறந்தால் கூட்டம். நிவாரண வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள், வெள்ளைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாண்டிச்சேரிக் குடும்பங்கள். எல்லாம் சாப்பிட்டார்கள், மீனைத் தவிர.

காரணம் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கடலுக்குப் போன பிணங்களை மீன் தின்றதாம். மீன் வயிற்றில் விரல் இருந்ததாம். கூனிமேட்டில் அது விரல், மரக்காணத்தில் மோதிரம் போட்ட விரல், திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் வளையல் போட்ட கை. பார்த்தவன் யார் என்று கேட்டால் எப்போதும் ஒரு மச்சானுடைய சிநேகிதன்தான். அந்தச் சிநேகிதனை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு நானும் நம்பினேன். கடல் மீன் இருந்த தட்டை நான் கையால்கூடத் தொடவில்லை. போதாததற்கு நான் புத்திசாலி என்ற நினைப்பு வேறு. லாரிகளுக்கு எழுத்து எழுதுகிறவரைக் கூட்டிவந்து, வாசலில், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி ஒரு பலகை மாட்டினேன். தமிழிலும் இங்கிலீஷிலும். "இங்கு கடல் மீன் கிடையாது. ஏரி மீன் மட்டுமே." முதலாளி அப்போது சமையல் சாமான் வாங்கச் சென்னைக்கும் ஹோட்டலுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஏரி மீனை வைத்து இத்தாலியச் சமையல் செய்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது கெண்டை. கெண்டையில் எவ்வளவு முள் என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பாகெட்டியில் கெண்டையைக் கலந்தால் முள் எது, ஸ்பாகெட்டி எது என்று கடவுளுக்கே தெரியாது. முதல் வாரமே நிவாரண ஆபீசைச் சேர்ந்த ஒரு நெட்டை வெள்ளைக்காரருக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. கண்ணெல்லாம் சிவந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முள் சிக்கினால் நம் வீட்டில் என்ன செய்வோம், வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வோம். அங்கே வெறும் சோறு ஏது? பாலாடைக்கட்டி போட்டுக் குழைத்த ரிசோட்டோச் சாதம்தான் இருந்தது. அதை எலுமிச்சம்பழம் அளவு உருட்டி அவர் வாயில் நானே போட்டேன். முள் இறங்கிவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இது எந்த ஊர் இத்தாலிய வழக்கம் என்று கேட்டார். பெருமுக்கல் என்றேன்.

அதற்குப் பிறகும் நான் பலகையைக் கழற்றவில்லை. கழற்றியிருக்க வேண்டும். அடம்.

இப்போது அஞ்சலாட்சியக்கா. அலைக்கு முன்னால் மூன்று வருஷம் எங்களுக்கு மீன் போட்டவர். பக்கத்துக் குப்பத்திலிருந்து அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வருவார். அலைக்குப் பிறகு வரவில்லை. வீடு போய்விட்டது, தார் ஷீட் கொட்டகையில் இருந்தார்கள். வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து கிடந்தது. மாசியில்தான் அவருடைய தம்பி, நிவாரணத்தில் கிடைத்த பைபர் போட்டில் முதல் முறை கடலுக்குப் போனார். மீனும் பட்டது. வாங்கத்தான் ஆளில்லை. கீழ்புத்துப்பட்டு வரைக்கும் நடந்து விற்கப் பார்த்திருக்கிறார். எல்லா வாசலிலும் ஒரே பதில்: "அந்த இத்தாலி ஓட்டல்லயே போர்டு போட்டு வெச்சிருக்கான், எங்களுக்கு மட்டும் இன்னா தலயெழுத்தா?"

புரிகிறதா? நான் என் வாசலுக்குத்தான் பலகை மாட்டினேன். அது அந்த ரோடு முழுக்க எல்லார் வாசலிலும் தொங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹால் நிறைந்திருக்கிறது. முதலாளி ஊரில் இல்லை. ஐந்தாம் நம்பர் மேஜையில் ஒரு உப்பளக்காரர், திண்டிவனத்திலிருந்து வந்த புதுச் சம்பந்தி குடும்பத்தை உட்காரவைத்து உபசரித்துக்கொண்டிருக்கிறார். முன்கதவு திறந்தது. அஞ்சலாட்சியக்கா. நல்ல சேலை, தலையில் பூ, இடுப்பில் அன்னக்கூடை.

"கேப்டனு, எந்த மேஜ காலியா இருக்குது?"

நான் ஓடிப்போய், "யக்கா, கூடைய பின்னாடி வெச்சிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"விக்க வந்தா பின்னாடி வருவேன்பா. இன்னிக்கிச் சாப்பிட வந்திருக்கேன். சாப்பிட வர்றவங்க முன்னாடிதானே வர்றாங்க?"

நாலாம் நம்பர் மேஜைதான் காலி. முன் ஜன்னலோரம். போய் உட்கார்ந்தார். கூடையைக் காலடியில் வைத்தார். நான் மெனுவை நீட்டினேன்.

"நீயே படி. உனக்குத்தான் இங்கிலீசு தெரியும்."

படித்தேன். பாஸ்தா, பீட்சா, கோழி. மீன் வந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கியது. ஏரி மீன் என்றேன்.

"கெண்டையா? முள்ளு குத்தினா நீ எடுத்து வுடுவியா? எனக்கு அது வாணாம். இதோ சங்கரா இருக்குது, காலையில புடிச்சது. உங்க ஆளை இத்த செஞ்சி குடுக்கச் சொல்லு. நான் சாப்பிடறேன். எல்லாரும் பாக்கட்டும்."

ஐந்தாம் நம்பரிலிருந்து உப்பளக்காரர் குரல் கொடுத்தார். "இன்னா கேப்டன் இது? சம்பந்தி வூட்டுக்காரங்கள இட்டாந்திருக்கேன். பக்கத்துல மீன் கூடைய வெச்சா எப்படி? நாறுதில்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா திரும்பினார். "உங்க அப்பா காலத்துலருந்து உங்க உப்பத்தான் சாமி நாங்க கருவாட்டுக்குப் போடறோம். மூட்ட மூட்டையா எடுத்தோமே, அப்ப நாறலியா?"

சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வாடைக்காக இல்லை, சிரிப்புக்காக.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கு ஃபோர்க்கை எந்தப் பக்கம் வைப்பது என்று டிரெயினிங்கில் சொல்லிக்கொடுப்பார்கள். இந்த மாதிரி நேரத்துக்கு டிரெயினிங் கிடையாது. ஹால் முழுக்க உங்களைப் பார்க்கிறது. வெளியே போகச் சொன்னால் அந்தம்மா போய்விடுவார், ஆனால் அதற்குப் பிறகு இந்தக் கரையில் அவரிடம் மீன் வாங்க ஒரு ஆள் இருக்காது. சமைத்துக் கொடுத்தால் பாதி ஹால் எழுந்து போகும், முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்புவார். நான் வீரன் இல்லை. சமையலறைக் கதவைப் பார்த்தேன். உள்ளே ஓடிவிடலாமா என்றுதான் தோன்றியது.

அதற்குள் யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "மோதிரம் கீதிரம் இருக்கப் போவுது, பாத்துச் சாப்பிடும்மா" என்றார்.

அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. என்னிடம் கையை நீட்டினார். "கத்தி குடு."

வெள்ளை மேஜைத் துணியை நானே உருவினேன். யாரும் சொல்லவில்லை. அதுதான் அன்றைக்கு நான் எடுத்த முதல் முடிவு. பீட்சா வைக்கும் பெரிய தட்டையும் கத்தியையும் கொண்டுவந்து வைத்தேன். அக்கா கூடையில் இருந்த மூன்று சங்கராவையும் அங்கேயே, எல்லோர் கண் முன்னாலும் கிழித்தார். முதல் மீன் வயிற்றில் நாலு கூனி இறால். இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு நண்டுக் கால். விரலால் துழாவி, தட்டின் ஓரமாக வரிசையாக வைத்தார். பிறகு தட்டைத் தூக்கி ஹாலைச் சுற்றிக் காட்டினார்.

"மோதிரம் இருந்தா சொல்லுங்க. எனக்கும் ஒண்ணு வேணும். எங்குது அலையோட போயிடுச்சி."

மோதிரம் என்றவர் குனிந்து பீட்சாவை அறுக்க ஆரம்பித்தார்.

மீனை உள்ளே அனுப்பினேன். எங்கள் குக் வாங்கிக்கொண்டார். இரண்டை மட்டும் தக்காளி, பூண்டு, ஆலிவ் எல்லாம் போட்டு முழுசாக வேகவைத்து, பத்து இருபது நிமிஷத்தில் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார். வேலை முடிந்தது, இனி அந்தம்மா பாடு என்று நான் ஒதுங்கினேன்.

"எங்க போற? குந்து."

"யக்கா, நான் டூட்டியில இருக்கேன்."

"நான் மட்டும் துன்னா இன்னா சொல்லுவாங்க? மீன்காரி, அவ துன்னுவா, அவளுக்குப் பழக்கம்னு சொல்லுவாங்க. போர்டு போட்ட ஓட்டல்காரன் துன்னாத்தான் கணக்கு. குந்துப்பா."

சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் பிரச்சினை. அலைக்குப் பிறகு கடல் மீனை நான் வாயில் வைத்ததில்லை. ஆறு வருஷச் சட்டம் வேறு. ஹாலில் அத்தனை பேரும் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறார்கள். உட்கார்ந்தேன். அந்த நாற்காலி எவ்வளவு கட்டை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மறுவாரமே எல்லா நாற்காலிக்கும் மெத்தை போடச் சொன்னேன். அதையும் அனுபவம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பழக்கத்தில் ஃபோர்க்கை எடுத்தேன்.

"அத்தக் கீழ வை. முள்ளு கையிக்குத்தான் தெரியும்."

கையால் எடுத்து வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமில்லை. மென்றேன். இறங்கியது. நன்றாக இருந்தது. அந்தச் சனியன் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது வாய்க்கு யாரும் சொல்லவேண்டி வரவில்லை.

அக்கா நிதானமாகச் சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, "உப்பு கம்மி" என்றார்.

உப்பளக்காரரால் அடக்க முடியவில்லை. "மரக்காணத்துல குந்திகினு உப்பு கம்மின்னு சொன்னா எங்க மானம் போச்சி" என்று தன் மேஜை உப்பு டப்பாவை எழுந்து வந்து கொடுத்தார்.

இதற்குப் பிறகு ஹாலே எழுந்து கைதட்டி மீன் கேட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு குடும்பம் பாதியில் எழுந்து போனது. ஒருவர் என்னை இங்கிலீஷில் திட்டிவிட்டுப் போனார். உப்பளக்காரர் உப்பைத்தான் கொடுத்தார், மீனைத் தொடவில்லை. சம்பந்தியம்மா மட்டும் என்னைக் கூப்பிட்டு, "அது இன்னா மீனு? இன்னும் இருக்குதா?" என்று கேட்டு, மிச்சமிருந்த ஒன்றைச் செய்யச் சொன்னார். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். ஒரே ஒரு தட்டு.

அக்கா கைகழுவிவிட்டு வாசலில் நின்றார். பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"இத்த யாரு வெச்சது?"

"மொதலாளிக்கா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவ்வளவு வேகமாக வந்தது பொய்.

"அவரு வந்தா நான் கேட்டேன்னு சொல்லு. நீயாவது குந்தினியே, நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே பலகையைக் கழற்றினேன். ஆணி நன்றாக இறங்கியிருந்தது. லேசில் வரவில்லை.

மறுநாள் முதலாளி வந்தார். அதற்குள் பாண்டிச்சேரி வரைக்கும் செய்தி போயிருந்தது.

"ஹால்ல உக்காந்தியாமே?"

"உக்காந்தேன்."

"சாப்பிட்டியாமே?"

"சாப்பிட்டேன்."

சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "அப்ப தினமும் உக்காரு" என்றார்.

விளையாட்டில்லை. ஒரு நாள் விடாமல், மதியம் கூட்டம் வருவதற்கு முன், நாலாம் நம்பர் மேஜையில், டை கட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நான் கடல் மீன் சாப்பிட வேண்டும். தண்டனையா விளம்பரமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் கண்டக்டர்களுக்கெல்லாம் நான் வேடிக்கைப் பொருளானேன். பஸ் மெதுவாகும்போது ஃபுட்போர்டிலிருந்து கத்துவார்கள்: "இன்னா கேப்டன், இன்னும் உயிரோடதான் இருக்கியா?" நான் மீன் தலையைத் தூக்கிக் காட்டுவேன். பஸ்ஸே சிரிக்கும். சித்திரை முடிவதற்குள் பாதி மேஜைகளில் மீன் வந்துவிட்டது. அக்கா மறுபடியும் தினம் பின்வாசலுக்கு வந்தார். எனக்கு ஒரு சுற்று உடம்பும் வந்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் நான் கற்றது இதுதான். சாப்பிட வருகிறவர் பயப்படலாம், அது அவர் உரிமை. அந்தப் பயத்துக்கு ஆணியடித்து வாசலில் மாட்டுவது நம் வேலை இல்லை. முதலில் மீன் வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. அக்கா கேட்ட கேள்வியை நான் முதலாளியிடம் சொல்லவே இல்லை. அக்காவும் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. என்னிடம் சிரித்துப் பேசுவார், அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இந்தம்மாவுக்கு எம்மேல இன்னாய்யா கோவம்?" என்று முதலாளி பலமுறை கேட்டிருக்கிறார். தெரியலையே சார் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் இனிச் சொல்ல முடியாது.

அக்கா இருக்கிறார். அவருடைய மருமகள் இப்போது ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு மீன் விற்கிறாள். போன மாதம் உங்கள் பின்வாசலில் அவளை நிறுத்தி, மெனுவில் இருக்கும் அந்த வரியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவள் போன வாசலிலெல்லாம் இப்போது அந்த வரியைச் சொல்கிறார்களாம். எனக்கு இதைச் சொன்னது அக்காதான். சொல்லிவிட்டு, "உங்க மொதலாளி மாதிரியே இன்னொருத்தன் வந்துட்டாம்பா" என்றார்.

அதனால் இங்கே, எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அந்தப் பலகையை முதலாளி வைக்கவில்லை. நான் வைத்தேன். அக்காவிடம் சொன்னது பொய். இதை அவருக்கு வாசித்துக் காட்ட அவருடைய மருமகளிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். என் பதில் முடிந்தது.

இனி அந்த வரியை எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். என் காதில் தனியாக வந்து சொல்ல வேண்டாம், மேனேஜர் அறையிலும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹால் நிறைந்திருக்கும்போது, நாலாம் நம்பர் மேஜைக்கு வாருங்கள். அக்காவும் மருமகளும் முன்வாசல் வழியாக வருவார்கள். நானும் உட்கார்ந்திருப்பேன். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, எழுந்து நின்று, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: எந்த மீனின் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டு அதை எழுதினீர்கள்?